கடைசி எண்ணைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பல சேர்வர்களை ஒன்றுசேர்த்து இயக்கும் குபெர்னெட்டிஸ் பற்றிக் கொழும்பில் இளம் பொறியியலாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, எந்தப் பதிப்பை எடுப்பது என்பது. புதியது வந்த அன்றே எடுக்க வேண்டாம், பழையதிலேயே கிடக்கவும் வேண்டாம் என்பேன்.

கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய இந்தத் திறந்த மூல மென்பொருளுக்கு இப்போது ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு ஏறத்தாழ 14 மாதம். 1.32.4 என்று ஒரு பதிப்பு இருந்தால், நடுவிலுள்ள 32 புதிய வசதிகளைக் குறிக்கும். கடைசி 4, அதன்பின் வந்த திருத்தங்கள். நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி எண்ணைத்தான். அது பூச்சியம் என்றால் பரிசோதனைச் சேர்வரோடு சரி.

ஏன் இவ்வளவு பயம் என்பீர்கள். இப்படி ஒன்றுசேர்த்த சேர்வர்க் கூட்டத்தின், அதாவது கிளஸ்டரின், தகவல் முழுவதையும் வைத்திருப்பது எட்சிடி என்ற தரவுத்தளம். அதன் 3.5.0 பதிப்பு 2021 யூனில் வந்தது. நிலையான பதிப்பு என்றுதான் வெளியிட்டார்கள். 2022 மார்ச்சில் அதே ஆட்களே, 3.5.0 முதல் 3.5.2 வரை எதையும் நடைமுறைச் சேர்வர்களில் பாவிக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். வேலைப்பளு கூடிய நேரத்தில் எட்சிடி திடீரென நின்றுபோனால், ஒரு சேர்வரில் உள்ள தரவு மற்றதில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் போகலாம். எச்சரிக்கைச் சத்தம் எதுவும் வராது. 3.5.3இல்தான் திருத்தம் வந்தது. அதுவரை 3.4இல் இருந்தவர்களுக்கு இந்தத் தலையிடியே இல்லை.

சரி, அப்படியென்றால் அசையாமல் இருந்துவிடலாமா? அதுவும் ஆகாது. குபெர்னெட்டிஸில் நடு எண்ணைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். 1.22இல், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே வழிநடத்தும் இன்கிரஸின் பழைய வடிவம் போனது, 1.24இல், டொக்கர் என்ற மென்பொருளோடு இணைத்துவந்த டொக்கர்ஷிம் போனது, 1.25இல், செயலிகள் ஓடும் சிறு அலகான பொட்டுக்குரிய பாதுகாப்புக் கொள்கை போனது. 1.21இலேயே உறங்கியவர் எழும்பி ஓடும்போது மூன்று அடியும் சேர்ந்து விழும்.

அப்புறம், நம்மூர் நாட்காட்டி. அண்மைய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் வாக்கில் வருகின்றன. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு, பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். டிசம்பரில் நத்தார் வியாபாரம். திருத்தங்கள் பெரும்பாலும் மாதத்துக்கொன்று வருவதால், ஏப்ரல் பதிப்பை, யூனில் வரும் பொசன் போயா கழிந்ததும் எடுத்துப் பாருங்கள். ஏற்றுமுன் எட்சிடியின் பிரதியை வேறோர் இடத்தில் மீட்டுப் பார்த்துவிடுங்கள். பிரதி இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர், மீட்டுப் பார்த்தவர்கள் சிலர்தான். வணக்கம்.