லுவார் கரையின் செனின்

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸின் ஒயின் திராட்சைகளில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும் செனின் பிளாங்க் என்று சொல்லிவிட்டேன். ஷார்டனே, சாவிஞ்ஞோன் போன்ற வெள்ளைத் திராட்சைகளுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. அவற்றுக்காகப் பரிந்து பேச ஆள் வேண்டியதில்லை. செனினுக்கு வேண்டியிருக்கிறது.

உணவகத்தில் ஒயின் பரிமாறுவது என் தொழில். பட்டியலில் வூவ்ரே என்ற பெயரைப் பார்த்ததும் விருந்தினர் பலர் தயங்குவதைப் பார்க்கிறேன். "இது இனிப்பா, இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வூவ்ரே என்பது ஓர் ஊரின் பெயர். அந்த ஊரில் செனின் விளைகிறது. ஒரே தோட்டம், ஒரே கொடி, ஓர் ஆண்டு துளி இனிப்பில்லாத ஒயினைத் தரும். அடுத்த ஆண்டு தேன் மணக்கும் ஒயினைத் தரும். இன்னோர் ஆண்டு நுரை ஒயினுக்கு மட்டுமே தகுந்த புளிப்பான பழத்தைத் தரும். ஒயின் செய்பவர் விரும்பியபடி மட்டும் இது நடப்பதில்லை. அக்டோபர் மாத வானம் என்ன சொல்கிறதோ, அதற்கு அவர் கட்டுப்பட்டாக வேண்டும். ஆண்டின் குணம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் வெள்ளைத் திராட்சை வேறொன்று இருக்கிறதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து மிகச் சிலவே.

லுவார் பிரான்ஸின் மிக நீளமான நதி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. செனினின் வீடு அதன் நடுப்பகுதியில், தூரேன், ஆன்ஜூ என்ற இரண்டு பழைய மாகாணங்களில் இருக்கிறது. தூர் நகருக்குக் கிழக்கே வடகரையில் வூவ்ரே. அதற்கு எதிர்க்கரையில், லுவாருக்கும் ஷேர் நதிக்கும் நடுவிலுள்ள மேட்டில் மோன்லூயி. மேற்கே ஆன்ஜே நகரைத் தாண்டினால் வடகரையில் சாவென்னியேர். தென்பக்கத்தில் லேயோன் என்ற சிற்றாறு வந்து சேர்கிறது. இதற்கு மேல் வடக்கே போனால் செனின் பழுப்பதே சந்தேகம். அந்த எல்லையில்தான் அதன் அருமை எல்லாம் இருக்கிறது.

கொடியின் சுபாவத்தைச் சொல்கிறேன். வசந்தத்தில் முந்திக்கொண்டு துளிர்க்கும். இலையுதிர் காலத்தில் எல்லோருக்கும் பிந்திப் பழுக்கும். விவசாயிக்கு இந்த இரண்டுமே தலைவலி. முன்னதாகத் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனி தளிரைக் கருக்கிவிடும். 2016இலும் 2021இலும் லுவார் கரையில் அப்படித்தான் பல தோட்டங்கள் விளைச்சலை இழந்தன. இரவு முழுக்கக் கொடி வரிசைகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக் காவல் இருப்பார்கள். பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டு மேலேயிருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றைக் கீழே இறக்குவார்கள். அதில் தப்பித்த கொடி செப்டம்பர், அக்டோபர் என்று இழுத்துக்கொண்டே போகும். மழை வந்துவிடுமோ என்ற பயம் அறுவடை முடியும் வரை தீராது.

இன்னொரு விஷயம், செனின் ஒரே சீராகப் பழுக்காது. அக்டோபரில் லேயோன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அறுவடைக்குக் கைகொடுக்கப் போயிருந்தேன். கையில் எடுத்துப் பார்த்த ஒரே குலையில், காம்போரம் இன்னும் பச்சை படிந்த மணிகள். வெயில் பட்ட பக்கத்தில் பொன்னிறம். அடியில் சில மணிகள் ஊதாவும் பழுப்புமாகக் கலங்கிப்போய், தோல் இளகி, விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு போகின்றன. கடைசியாக நான்கைந்து மணிகள் முழுக்கச் சுருங்கி, மேலே சாம்பல் தூவியதுபோல் பூஞ்சை பூத்திருந்தன. அந்தச் சுருங்கிய மணியை வாயில் போடச் சொன்னார்கள். கொஞ்சம் தயங்கித்தான் போட்டேன். முதலில் இனிப்பு, அப்புறம் அதைவிடப் பலமாகப் புளிப்பு, கடைசியில் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தின் வாசனை. "இந்த மணிகளை மட்டும் வெட்டு, மற்றதைக் கொடியிலேயே விடு" என்பதுதான் அன்றைக்கு உத்தரவு. பத்து நாள் கழித்து மறுபடி வருவார்கள், மிச்சத்துக்கு மறுபடியும். ஒரே வரிசைக்குள் மூன்று, நான்கு தடவை போவது அங்கே சாதாரணம். கோத்தோ து லேயோன் என்ற பெயரைப் போட வேண்டுமென்றால் கையால்தான் பறிக்க வேண்டும், அதுவும் தவணை தவணையாக என்று விதியே இருக்கிறது.

அந்தப் பூஞ்சையின் பெயர் போட்ரைடிஸ். விடியற்காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து கொடிகளை நனைக்கும். மதியம் வெயிலும் காற்றும் வந்து உலர்த்தும். இந்த இரண்டும் மாறி மாறி நடந்தால் பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகும். சர்க்கரை கெட்டிப்படும், புளிப்பும் கூடவே கெட்டிப்படும். மதியத்து வெயில் வராமல் நாள் முழுக்க ஈரமாகவே இருந்துவிட்டால் அதே பூஞ்சை பழத்தை அழுக வைத்துவிடும். லேயோன் பள்ளத்தாக்கில் கார் த ஷோம், பொன்னெஸோ என்ற இரண்டு சிறிய சரிவுகளில் இந்த மூடுபனிக் கணக்கு மற்ற இடங்களைவிட நன்றாகக் கூடிவருகிறது. கார் த ஷோமுக்கு 2011இல் கிரான் க்ரு என்ற மிக உயர்ந்த தரத் தகுதி கொடுத்தார்கள். லுவார் பகுதி முழுவதிலும் அந்தத் தகுதி பெற்ற நிலம் அது ஒன்றுதான். பூஞ்சை வராத வறண்ட ஆண்டுகளில் காற்றிலேயே பழம் கொடியில் காய்ந்து சுருங்கும். அதிலிருந்தும் இனிப்பு ஒயின் வரும், ருசிதான் கொஞ்சம் வேறாக இருக்கும்.

புட்டியில் என்ன எழுதியிருக்கும்? செக் என்றால் இனிப்பு இல்லாதது. தெமி செக் என்றால் லேசான இனிப்பு. ம்வாலே என்றால் லிட்டருக்கு 12 முதல் 45 கிராம் வரை சர்க்கரை மிஞ்சியிருக்கிறது. 45க்கு மேல் போனால் தூ. இவற்றில் தெமி செக்தான் என் மனதுக்கு நெருக்கமானது. கடையில் விற்க மிகச் சிரமப்படுவதும் அதுதான். இனிப்பு என்றதும் முகம் சுளிப்பவர்கள் அதை ஒரு மடக்கு குடித்துப் பார்க்க வேண்டும். பானகத்தில் வெல்லத்தின் இனிப்பு திகட்டாமல் எலுமிச்சை பார்த்துக்கொள்கிறதே, அந்த வேலையை இங்கே திராட்சையின் சொந்தப் புளிப்பே செய்கிறது. சர்க்கரை கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் விழுங்கிய பிறகு நாக்கு சுத்தமாக இருக்கும், இனிப்பு ஒட்டிக்கொண்டு நிற்காது.

இந்தப் புளிப்பைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். செனினைக் குறை சொல்பவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். விளைச்சலை அளவில்லாமல் விட்டு, அவசரமாகப் பறித்தால் செனின் ஒன்றும் இல்லாத ஒயினாகிவிடும். வெறும் புளிப்பு, லேசாக ஆப்பிள், அவ்வளவுதான். உலகத்தில் நிறைய செனின் அப்படித்தான் செய்யப்பட்டது. அந்தக் கெட்ட பெயர் விவசாயியின் அவசரத்துக்குப் போக வேண்டியது, திராட்சைக்கு அல்ல. விளைச்சலைக் குறைத்து, காத்திருந்து பறித்தால் அதே புளிப்பு ஒயினுக்கு முதுகெலும்பாகிறது. ஷார்டனேயில் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாறவிட்டு ஒயினை மென்மையாக்குவது பரவலான வழக்கம். வூவ்ரேயில் பெரும்பாலும் அதை நடக்கவிடுவதில்லை. புதிய ஓக் பீப்பாயின் வாசனையையும் பலர் தவிர்க்கிறார்கள். பழமும் மண்ணும் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இந்தப் புளிப்பினால்தான் செனின் நாள்பட நிற்கிறது. 1947 வூவ்ரேக்குப் பேர்போன ஆண்டு. நல்ல வெயில், பழம் முழுக்கக் கனிந்த அறுவடை. அந்த ஆண்டின் ஹுவே தோட்டத்து ஒயினைப் பற்றி இன்றும் ஒயின்காரர்கள் மரியாதையோடு பேசுகிறார்கள். அதற்கப்புறம் 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு அருமையான இனிப்பு ஆண்டுகள். இளம் வயதில் பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூக்கள் என்று மணக்கும். நாலைந்து வருடம் போனால் சிலது வாயைப் பொத்திக்கொள்ளும், எதுவும் பேசாது. அப்போது திறந்தால் ஏமாற்றம்தான். பத்து வருடத்துக்குப் பிறகு தேன், வைக்கோல், சீமைச் சாமந்தி, கொஞ்சம் ஈரக் கம்பளி. ஈரக் கம்பளி என்றதும் அருவருப்பாகத் தோன்றலாம், முகர்ந்தால் பிடித்துப்போகும். அப்புறம் க்வின்ஸ். அது பேரிக்காயைவிடப் பருத்த மஞ்சள் பழம், மேலே மெல்லிய ரோமம் படிந்திருக்கும். பச்சையாகத் தின்ன முடியாத துவர்ப்பு, சர்க்கரையோடு வேகவைத்தால் வீடே மணக்கும். முதிர்ந்த செனினின் அடையாளம் என்று நான் முதலில் தேடுவது அந்த வாசனையைத்தான்.

வூவ்ரேயின் மண்ணையும் சொல்லியாக வேண்டும். மேலே களிமண், சில இடங்களில் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கும், சில இடங்களில் சிக்கிமுக்கிக் கல். அடியில் துஃபோ என்ற மென்மையான, வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல். லுவார் கரையின் அரண்மனைகளில் பலவும் அந்தக் கல்லால் கட்டியவை. கல் வெட்டியெடுத்த குகைகள் மலைக்குள்ளேயே மிஞ்சின. ஒயின்காரர்கள் அவற்றையே நிலவறையாக்கிக்கொண்டார்கள். கோடையோ குளிர்காலமோ, உள்ளே வெப்பம் சுமார் 12 டிகிரியிலேயே நிற்கும். கை வைத்துப் பார்த்தால் சுவர் ஈரமாக இருக்கும், நகத்தால் கீறினால் பொடி உதிரும்.

பாரிஸிலிருந்து தூர் பக்கம் போகும் அதிவேக ரயில் பாதையை வூவ்ரேயின் தோட்டங்கள் வழியாகப் போடத் திட்டமிட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஊரின் மேயராகப் பல்லாண்டுகள் இருந்தவரும் மேலே சொன்ன தோட்டத்தின் உரிமையாளருமான கஸ்தோன் ஹுவே அதில் முன்னால் நின்றார். கொடிகளைப் பிடுங்கக் கூடாது. நிலவறையில் உறங்கும் ஒயினை அதிர்வு கெடுக்கக் கூடாது. கடைசியில் பாதை சுரங்கமாகத் தோட்டங்களுக்கு அடியில் போனது. இன்றைக்கும் ரயில் கீழே ஓடுகிறது, கொடி மேலே நிற்கிறது.

மேற்கே சாவென்னியேருக்குப் போனால் இதே திராட்சை வேறு குரலில் பேசும். அங்கே சுண்ணாம்பு இல்லை. அடுக்கடுக்காக உடையும் கருமையான சிஸ்ட் பாறை. ஒரு காலத்தில் அங்கே இனிப்பு ஒயின்தான் அதிகம். இப்போது பெரும்பாலும் இனிப்பில்லாதது. இறுக்கமான ஒயின், இளமையில் சிரிக்கவே சிரிக்காது. குவளையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால்தான் கொஞ்சம் இளகும். அங்கே கூலே த செரான் என்ற தோட்டம், ஏறக்குறைய ஏழு ஹெக்டேர். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியர் என்ற கிறிஸ்தவத் துறவிகள் கொடி நட்ட இடம், புட்டியில் தன் பெயரையே போட்டுக்கொள்ளும் தனிப் பெயர்த் தகுதியே வைத்திருக்கிறது. நிக்கோலா ஜோலி அங்கே 1980களிலிருந்து ரசாயனம் இல்லாமல், பயோடைனமிக் முறையில் விவசாயம் செய்துவந்தவர். அந்த முறையின் வானியல் கணக்குகள் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்த நிலத்தில் மண்ணைக் கையில் எடுத்தால் அது உயிரோடு இருப்பது தெரியும்.

நுரை ஒயினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வூவ்ரேயில் விளைவதில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போகிறது. பழம் சரியாகக் கனியாத ஆண்டிலும் விவசாயி பிழைத்துக்கொள்ள அது ஒரு வழி. சோமூர் ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆக்கர்மான் குடும்பம் இதைத் தொடங்கிவிட்டது. ஷாம்பெயினில் பாதி விலைக்குக் கிடைக்கும் நல்ல க்ரெமான் த லுவார், அதாவது லுவார் பகுதியின் நுரை ஒயின், உண்டு. விருந்துகளுக்கு அதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இன்றைக்கு உலகில் செனின் அதிகமாக விளைவது பிரான்ஸில் அல்ல, தென்னாப்பிரிக்காவில். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கொண்டுபோன கொடிகளில் அதுவும் இருந்ததாகக் கருதுகிறார்கள். அங்கே ஸ்டீன் என்றுதான் அழைத்தார்கள். அது லுவாரின் செனின்தான் என்று 1960களில்தான் அடையாளம் கண்டார்கள். நெடுங்காலம் பிராந்திக்கும் மலிவு ஒயினுக்கும் போன பழம், இப்போது பழைய கொடிகளிலிருந்து அருமையான ஒயினாக வருகிறது. நம் நாட்டில் நாசிக் பக்கமும் செனின் இருக்கிறது. அங்கே கொடி குளிர்காலத் தூக்கம் போடுவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை கத்தரித்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுவார்கள். அது இதமான, எளிய ஒயின். அதைக் குடித்துவிட்டு செனின் இவ்வளவுதான் என்று யாராவது முடிவு கட்டினால், லுவார் பக்கம் ஒரு பாட்டில் தேடிப் பாருங்கள் என்பேன்.

எப்படிக் குடிப்பது? குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே வேண்டாம். 10, 12 டிகிரிக்கு வரட்டும். இனிப்பில்லாத வூவ்ரேயோடு தூரேன் பகுதியின் செந்த் மோர் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி. உருளை வடிவம், மேலே சாம்பல் பூச்சு, நடுவே ஒரு கம்பு வைக்கோல் செருகியிருக்கும். சாவென்னியேரோடு வெண்ணெய்ச் சாறில் போட்ட ஆற்று மீன். தெமி செக் என்றால், கிரீம் விட்டுச் சமைத்த கோழியோடு பரிமாறுவேன். லேயோனின் இனிப்பு ஒயினுக்கு ஆப்பிளைச் சர்க்கரையில் கருக்கிச் செய்யும் தார்த் தாத்தேன். பாட்டில் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். கூடவே, "இதில் சர்க்கரை எவ்வளவு?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். செனின் விஷயத்தில் அது சங்கடப்பட வேண்டிய கேள்வியே இல்லை. லுவார் கரையிலேயே பிறந்தவர்களும் அதைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். வணக்கம்.