ஓரத்தில் இருந்தபடி உள்ளே பார்க்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ அழைப்பின் நடுவே குரல் விட்டுவிட்டு வருகிறது. கோளாறு எங்கே? நம் குரலும் படமும் சிறு சிறு தகவல் பொட்டலங்களாகப் பல நிறுவனங்களின் வலையமைப்புகளைத் தாண்டிப் போகின்றன. நடுவில் அவற்றுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவிகளான ரவுட்டர்களைத் திறந்து பார்க்க நமக்கு அனுமதி இல்லை. உடைமைக்காரர்களும் உள்விவரம் சொல்வதில்லை. ஆனால் ஓரத்தில் நின்று எண்ணியே உள்ளே நடப்பதைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது.

யெஹுதா வார்டி ஒரு புள்ளியியலாளர். உடம்பிலிருந்து வெளிவரும் கதிர்களை எண்ணி உள்ளுறுப்பின் படத்தை வரையும் கணக்கை, 1982-ல் கணிதவியலாளர் லாரி ஷெப்புடன் சேர்ந்து வகுத்தவர். 1996-ல் அதே சிந்தனையைக் கணினி வலையமைப்புக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு இணைப்பிலும் மொத்தம் எவ்வளவு போகிறது என்பது மட்டும் தெரிந்தால், எங்கிருந்து எங்கே எவ்வளவு போகிறது என்று சொல்ல முடியுமா? இதுதான் அவர் கேள்வி. அடுத்து வந்தவர்கள் இழப்பையும் தாமதத்தையும் இப்படியே தேடினார்கள்.

இழப்புக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புபவர் ஒருவர், பெறுபவர்கள் இருவர். பாதை கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், ஒரு ரவுட்டரில் இரண்டாகப் பிரிகிறது. 1000 பொட்டலங்கள் அனுப்புகிறோம். பிரியும் இடத்தில் ஒவ்வொன்றும் நகலாகி இருவருக்கும் போகிறது. முதலாமவருக்கு 720 வந்தது, இரண்டாமவருக்கு 600. இதை மட்டும் வைத்துக்கொண்டு பழுது பொதுப்பாதையிலா, கிளையிலா என்று சொல்லவே முடியாது. ஆனால் இருவருக்குமே வந்தவை எத்தனை என்று பாருங்கள்: 540.

இரண்டாமவருக்கு வந்த 600-ம் பிரியும் இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும், இல்லையா? அவற்றில் 540 முதலாமவரையும் சேர்ந்திருக்கின்றன. ஆக, முதல் கிளை பத்துக்கு ஒன்பதைக் கொண்டுசேர்க்கிறது. அது சேர்த்தது 720 என்றால், அதற்கு வந்தவை 800. பொதுப்பாதையில் தொலைந்தவை 200! இரண்டாம் கிளையோ 800-ல் 600-ஐத்தான் சேர்த்திருக்கிறது. நாலில் ஒன்று போச்சு. நடு ரவுட்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, இதில் ஒரு அனுமானம் இருக்கிறது. ஒரு கிளையின் இழப்பு மற்றதைப் பாதிக்காது என்று எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஒரே நேரத்தில் திணறினால் விடை பிசகும். அப்புறம், பொது இணையத்தில் இப்படி நகலெடுக்கும் வசதி பெரும்பாலும் கிடைக்காது. அதனால் இரண்டு பொட்டலங்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக அனுப்பி, பொதுப்பாதையில் இரண்டுக்கும் ஒரே கதிதான் என்று கொள்கிறார்கள். அது முழு உண்மை அல்ல.

பாதையின் வரைபடமும் சரியாக இருக்க வேண்டும். எந்தெந்த ரவுட்டர்கள் வழியாகப் பாதை போகிறது என்று காட்டும் பழைய கருவி டிரேஸ்ரூட். அது அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பும், அதாவது முகவரி போன்ற விவரங்கள் உள்ள தொடக்கப் பகுதியும், கொஞ்சம் மாறும். போக்குவரத்தைப் பல வழிகளில் பிரித்துவிடும் ரவுட்டர்கள், அதைப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வழியில் அனுப்பிவிடலாம். அப்போது இல்லாத இணைப்பு இருப்பதாகத் தெரியும். 2006-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதைக் காட்டி, முகப்பில் அந்த ரவுட்டர்கள் பார்க்கும் பகுதியை மாற்றாமல் அனுப்பும் பாரிஸ் டிரேஸ்ரூட்டைத் தந்தார்கள். ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு மோசம் என்று யாராவது எண்களோடு வந்தால், பாதையை எந்தக் கருவியால் வரைந்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.