உதவி கிடைத்ததால் கெட்டார்களா 253 பையன்கள்? தடுப்பு ஆய்வில் பிஎச்.டி. படிக்க நினைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்!

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். 1930-களின் அமெரிக்கத் தெரு. சைக்கிளில் பையன்கள்.]

மொத்தம் 506 பையன்கள். அதில் சரிபாதிப் பேருக்குச் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் உதவி கிடைத்தது. வீட்டுக்கே வந்து பேசும் ஆலோசகர், படிப்பில் பின்தங்கினால் டியூஷன், உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர், கோடை விடுமுறைக்கு முகாம். மறுபாதிப் பேருக்கு இதில் எதுவுமே கிடையாது. முப்பது வருடம் கழித்து இரண்டு தரப்பையும் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். யார் நன்றாக இருந்திருப்பார்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் பதிலை கமெண்ட்டில் போடுங்கள்.

போட்டாச்சா? சரி, கதைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு நிமிடம் மட்டும் பின்னணி.

பயன்பாட்டு உளவியலும் தடுப்பு ஆய்வும் சேர்ந்த பிஎச்.டி. என்றால் என்ன, அதைப் படித்தால் என்ன ஆகலாம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். டெங்கு வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவது ஒரு வேலை. வீடு வீடாகப் போய் பழைய டயரிலும் கொட்டாங்குச்சியிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது இன்னொரு வேலை. போதைப் பழக்கம், மன அழுத்தம், பள்ளியில் அடிதடி, குடும்ப வன்முறை என்று மனித நடத்தை சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அந்த இரண்டாவது வேலையைச் செய்வதுதான் இந்தத் துறை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஒன்று, அறிகுறி தெரிய ஆரம்பித்தவர்களுக்கு ஒன்று என்று தடுப்பு வேலையை மூன்றாகப் பிரிக்கும் வழக்கம், 1994-இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய அறிக்கைக்குப் பிறகு நிலைத்துவிட்டது. மசாசூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய இதே பெயரில் பிஎச்.டி. உண்டு. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தடுப்பு அறிவியலில் உண்டு. பின்னணி இவ்வளவு போதும்.

[திரையில்: மசாசூசெட்ஸ் வரைபடம். லோவெல், சாமர்வில், கேம்பிரிட்ஜ்.]

இப்போது அந்தப் பையன்கள். லோவெலிலிருந்து பாஸ்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பாஸ்டனை ஒட்டினாற்போல் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். கேம்பிரிட்ஜ் என்றதும் ஹார்வர்ட் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகளும் நிறைய. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற டாக்டருக்கு ஒரு நம்பிக்கை. வழி தவறக்கூடிய ஒரு பையனுக்கு, அக்கறையுள்ள பெரியவர் ஒருவர் நண்பராகப் பல வருடம் கூடவே இருந்தால் அவன் குற்றத்தின் பக்கம் போகமாட்டான் என்று உறுதியாக நம்பினார்.

அவர் வெறும் நம்பிக்கையோடு நிற்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறோம். வயது, புத்திக்கூர்மை, குடும்பச் சூழல் எல்லாம் ஒத்துப்போகும் பையன்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காசைச் சுண்டினார்கள். ஒருவன் உதவி பெறும் பக்கம், மற்றவன் ஒப்பீட்டுப் பக்கம். யாருக்கு உதவி என்பதில் ஆசிரியரின் சிபாரிசும் கிடையாது, அம்மாவின் கண்ணீரும் கிடையாது. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அப்படிக் காசு சுண்டாமல் போயிருந்தால், நான் இப்போது சொல்லப்போகிற விஷயம் உலகத்துக்குத் தெரியவே தெரியாது.

1939-இல் வேலை தொடங்கியது. அதே வருடம் கேபட் இறந்துவிட்டார். நடுவில் உலகப்போர் வந்தது, ஆலோசகர்கள் குறைந்தார்கள், பையன்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டியதாயிற்று. 1945-இல் திட்டம் முடிந்தபோது மிஞ்சியது 253 ஜோடி.

ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 1970-களில் இந்தப் பழைய கோப்புகளைக் கையில் எடுத்தார். பின்னாளில் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக வந்தவர் இவர். அந்தப் பையன்களுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. இணையம் இல்லாத காலத்தில் நீதிமன்றப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, இறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஏறக்குறைய அத்தனை பேரையும் கண்டுபிடித்தார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. ஓர் ஆய்வாளரின் பொறுமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் நான் பார்த்ததில்லை.

உதவி பெற்றவர்களிடம் கேட்டால், மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். தங்கள் ஆலோசகரைப் பற்றி அன்போடு பேசினார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. நம் ஊரில் எத்தனை திட்டங்களின் அறிக்கை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். "பயனாளிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர்" என்று ஒரு வரி, கீழே ஒரு குழுப் படம்.

மெக்கார்ட் ஒப்பீட்டுப் பக்கத்தையும் பார்த்தார். 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் ஒன்றுக்கு மேல் குற்றம் செய்தவர்கள் அதிகம். குடிநோயின் அறிகுறி அதிகம். தீவிர மனநோய் அதிகம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு போன்றவை அதிகம். கொஞ்சம் சீக்கிரமே இறந்தும் போயிருந்தார்கள். உதவி பெற்றவர்கள் முந்திய விஷயம் ஒன்றுகூட அதில் இல்லை.

[திரையில் எழுத்து மட்டும்: ஏன்?]

ஏன் என்பதற்கு நல்ல துப்பு பிறகுதான் கிடைத்தது. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன பையன்களிடம்தான் பாதிப்பு குவிந்திருந்தது. முகாமில் என்ன தப்பு? மரம், ஏரி, நல்ல சாப்பாடு. அங்கே கூட இருந்தது யார் என்பதில்தான் விஷயம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டாம் டிஷியன் என்ற உளவியலாளர் வேறு ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். 13, 14 வயதுப் பையன்களை அவரவர் நண்பனோடு ஓர் அறையில் உட்காரவைத்து, 25 நிமிடம் பேசவிட்டு வீடியோ எடுத்தார். அப்புறம் அந்தப் பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறித்தார்கள். ஒருவன் திருடியதையோ அடித்ததையோ பற்றிப் பேசுகிறான். மற்றவன் சிரிக்கிறானா, சும்மா இருக்கிறானா? அவ்வளவுதான் கணக்கு. விதி மீறும் பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்த ஜோடிகளில், அடுத்த சில வருடங்களில் தப்பான நடத்தை கூடியிருந்தது. ஒரு சிரிப்பு! யாரும் யாரையும் கெடுக்கத் திட்டம் போடவில்லை. பதின்ம வயதில் சக பையனின் சிரிப்பைவிடப் பெரிய பரிசு வேறில்லை, அந்தப் பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அது வளர்கிறது. 1999-இல் டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற இன்னோர் ஆய்வாளர் மூவரும் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதினார்கள். பிரச்சினை உள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றாகக் கூட்டி வைத்துத் திருத்தப் பார்ப்பது ஆபத்தாக முடியலாம் என்பது அதன் சாரம். "கடைசி பெஞ்ச் பசங்களை எல்லாம் தனி செக்‌ஷன்ல போடுங்க" என்று சொல்லும் பள்ளி நிர்வாகிகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்த வீடியோவை அனுப்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் அதே ஆட்களை மறுபடியும் தேடி, எழுபது வருடத்துக்கு மேலான இறப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். சீக்கிரம் இறந்தார்கள் என்ற பகுதி மட்டும் நிற்கவில்லை, இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிவையும் திரும்பத் திரும்பச் சோதிக்கிற துறை இது. எனக்கு இதன்மேல் மரியாதை வந்ததற்குக் காரணமே அதுதான்.

பலன் தந்த திட்டங்களும் உண்டு. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, விதி மீறினால் அந்தக் குழுவுக்குக் கரும்பலகையில் ஒரு கோடு, கோடுகள் நான்கைத் தாண்டாத குழுக்களுக்கு எல்லாம் சின்னப் பரிசு. 1969-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த இந்த எளிய விளையாட்டை 1985 முதல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 19 முதல் 21 வயதில் திரும்பப் பார்த்தபோது, சின்ன வயதில் முரட்டுத்தனம் அதிகமாக இருந்த ஆண் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் குறைந்திருந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு இடமிருக்கிறது. 1990-களின் நடுவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். இருபது வருடத்தில் அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. விளைச்சல் குறைந்ததா என்றும் ஆராய்ந்தார்கள், பாதிப்பு தெரியவில்லை. சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சில கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓரிடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. இதுவும் தடுப்பு ஆய்வுதான்.

[திரையில்: அப்ளிகேஷன் படிவம்.]

சரி, படிப்புக்கு வருவோம். முதல் எச்சரிக்கை: இந்தப் பட்டம் வாங்கினால் நோயாளிகளைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் உளவியல் சிகிச்சைக்கான லைசென்ஸ் பெற வேறு வழி, அதற்கான பிஎச்.டி. வேறு. கவுன்சலிங் அறையில் உட்காரும் கனவு உங்களுக்கு இருந்தால் அந்தப் பக்கம் போங்கள், இங்கே வந்து ஐந்து வருடத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் இரண்டு வருடம் வகுப்புகள், அதில் பெரும்பங்கு புள்ளியியல். உளவியல்தானே, கணக்கு இருக்காது என்று வருபவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். ஒரு பள்ளியில் திட்டத்தைச் சோதிக்கும்போது மாணவர்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது, முழுப் பள்ளியையோ வகுப்பையோதான் ஒரு பக்கம் போட வேண்டும். ஒரே வகுப்பில் இருக்கும் முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பாதிப்பார்கள் என்பதால் கணக்கிடும் முறையே மாறும். நடுவில் பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆசிரியர் பாதித் திட்டத்தை விட்டுவிட்டு நடத்துவார். அதையும் அளக்க வேண்டும். அப்புறம் தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழுவின் அனுமதி. சிறார் சம்பந்தப்பட்டால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். கடைசியில் ஆய்வேடு.

பணம். இதைக் கவனமாகக் கேளுங்கள். அமெரிக்காவில் பிஎச்.டி.க்குக் கடன் வாங்கிப் போகாதீர்கள். ஆய்வு உதவியாளர் அல்லது ஆசிரிய உதவியாளர் வேலை, கல்விக் கட்டணத் தள்ளுபடி, மாத உதவித்தொகை, இவை மூன்றும் அனுமதிக் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா என்று கேளுங்கள், கோடை மூன்று மாதம் பலரைக் கடனாளி ஆக்கியிருக்கிறது. மருத்துவக் காப்பீடு சேர்த்தியா, மற்ற கட்டணங்கள் எவ்வளவு என்றும் கேளுங்கள். மாணவர் விசாவில் இருக்கும்போது, வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதனால் வெளியே சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க அரசு படிப்புகளை வகை பிரித்துத் தரும் எண்களில் உங்கள் படிப்பு எதில் வருகிறது என்பதும் முக்கியம். முடித்த பிறகு ஒரு வருடம்தான் வேலை அனுமதியா, கூடுதலாக இரண்டு வருடம் கிடைக்குமா என்பது அதைப் பொறுத்தது.

விண்ணப்பக் கடைசி தேதி பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேராசிரியர்களுக்கு மெயில் எழுதத் தொடங்குங்கள். "சிறு வயதிலிருந்தே சமூக சேவையில் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். கூடவே மூன்று விஷயம்: அடுத்த ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறாரா, அதற்கு ஆய்வு நிதி இருக்கிறதா, இப்போதுள்ள அவருடைய மாணவர் ஒருவரிடம் நீங்கள் பேசலாமா. மூன்றாவதற்கு அவர் தயங்கினால் அடுத்த பேராசிரியருக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதிய மெயிலை, பெயர்களை எடுத்துவிட்டு கமெண்ட்டில் போட்டால், எங்கே திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன்.