கடல் மீன் தொட்டிக்கு தண்ணி பிடிச்சு வைக்க எந்த டிரம் வாங்கணும்? வேலூர்ல இருந்து ஒரு எச்சரிக்கை

வணக்கம் மக்களே. இன்னைக்கு மீனு, பவளம் எதுவும் காட்டப் போறதில்ல. தண்ணி பிடிச்சு வைக்கிற டிரம் பத்தித்தான் பேசப் போறேன். கடல் மீன் தொட்டி வைக்கிறவங்க லைட்டுக்கும், தண்ணியில இருந்து அழுக்கை நுரையா பிரிச்செடுக்குற ஸ்கிம்மருக்கும் மாசக்கணக்குல விசாரிச்சு, நாலு பேரைக் கேட்டு, சென்னை கொளத்தூர் மீன் மார்க்கெட் வரைக்கும் போய்ப் பார்த்து வாங்குறாங்க. டிரம் மட்டும் போற வழியில எது சல்லிசா கிடைக்குதோ அதை வண்டி பின்னாடி கட்டிக்கிட்டு வந்துடுறாங்க. அப்பால எனக்கு மெசேஜ் வருது. "அண்ணா, பவளம் எல்லாம் சுருங்கிப் போச்சு, நத்தைங்க கண்ணாடியில இருந்து விழுந்து கிடக்குது, மீன் கழிவுல வர்ற அமோனியாவா இருக்கும்னு டெஸ்ட் பண்ணா ஜீரோ, என்னன்னே புரியல." நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி, தண்ணிய எதுல வச்சிருக்கீங்க?

நம்ம ஊர்ல இது ஏன் பெரிய விஷயம்னா, வேலூருக்கு கடல் சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சத்துவாச்சாரியில உக்காந்துக்கிட்டு கடல் தண்ணி வேணும்னா நாமளேதான் தயார் பண்ணியாகணும். ஆர்ஓ தண்ணி பிடிக்கணும், அதுல பவளத் தொட்டிக்குன்னு விக்கிற ரீஃப் உப்பு கலக்கணும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் உப்பு, பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். அடர்த்தி 1.025 வரணும். ஆர்ஓ மெஷின் சொட்டுச் சொட்டாத்தான் விடும், குழாய்லயும் தினம் தண்ணி வராது. அதனால தொட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த தண்ணி டிரம்முலயே நாள்கணக்குல நிக்குது. அங்க என்ன கரைஞ்சாலும் நேரா பவளத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இன்னொண்ணு புரிஞ்சுக்கணும். ஆர்ஓ தண்ணி சுத்தமா இருக்கறதாலயே சும்மா இருக்காது. அதுக்குள்ள எதுவும் இல்ல, அதனால தொட்டதை எல்லாம் கரைக்கப் பார்க்கும். உப்புத் தண்ணி வேற விதம், அது உலோகத்தை அரிச்சுத் தின்னும். ரெண்டையும் தாங்குற பாத்திரம்தான் நமக்கு வேணும்.

சரி, இந்த டிரம்மைப் பாருங்க. கேமராவ கிட்ட கொண்டு வர்றேன். நீலக் கலரு, ரெண்டு பக்கம் கைப்பிடி, மேல திருகு மூடி. ராணிப்பேட்டை ரோட்டுல, மேல்விஷாரம் பக்கம், ஆம்பூர் போற வழியிலன்னு பழைய டிரம் கடைங்கள்ல அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த ரகம். பக்கத்து வீட்டுல கட்டட வேலைக்கு வாங்கி வச்சிருக்காங்க, உங்களுக்குக் காட்டணும்னு கேட்டு எடுத்துட்டு வந்தேன். அடிப்பக்கம் திருப்புறேன். தெரியுதா, முக்கோணம், உள்ள 2, கீழ ஹெச்டிபிஇ. இதைப் பார்த்ததுமே "ஹெச்டிபிஇ, நல்ல பிளாஸ்டிக், வாங்கிடலாம்"னு முடிவு பண்ணிடுறாங்க. இப்ப பக்கவாட்டுல பாருங்க. ஸ்டிக்கரை சுரண்டி எடுத்த தடம். பசை அப்படியே இருக்கு. கீழ் மூலை மட்டும் கிழியாம நிக்குது, கறுப்பு முனை, அதுக்குள்ள வெள்ளையா 8ன்னு ஒரு எண். ஆசிட் மாதிரி அரிக்கிற சரக்கை வண்டியில ஏத்தும்போது ஒட்டுற லேபிள் அது.

இந்த டிரம்முக்குள்ள முன்னாடி என்ன இருந்துச்சு? அதை மட்டும் கேளுங்க. டிரம் வாங்கும்போது விலையைக் கூட அப்புறம் கேட்டுக்கலாம்.

நம்ம பாலாத்தங்கரை பூரா டேனரிங்க. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. எத்தனையோ குடும்பத்துக்கு சோறு போட்ட தொழில், அதை நான் குறை சொல்ல வரல. ஆனா அந்தக் கழிவு பாலாத்தையும் கிணத்தையும் என்ன பண்ணுச்சுன்னு 1996ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புல எழுதியிருக்கு. தோல் பதனிட ஃபார்மிக் ஆசிட் வரும், சல்ஃபியூரிக் ஆசிட் வரும், தோலை மிருதுவாக்குற ஃபேட் லிக்கர் எண்ணெய் வரும், சாயம் வரும், பூஞ்சை பிடிக்காம இருக்க பூஞ்சைக்கொல்லி வரும், கடைசியா பாலிஷ் வேலைக்கு தின்னர் மாதிரி சால்வென்ட் வரும். இதுல திரவமா வர்றதுல நிறைய இந்த மாதிரி பிளாஸ்டிக் டிரம்முலயும் கேன்லயும்தான் வருது. காலியான டிரம் எங்க போகும்? ஒரு அலசு அலசி கடை வாசலுக்கு வந்துடும்.

ஃபார்மிக் ஆசிட் தண்ணியில கலந்து போயிடும், நல்லா கழுவினா கிளம்பிடும்னு வச்சுக்கலாம். எண்ணெயும் சால்வென்ட்டும் அப்படி இல்ல. ஹெச்டிபிஇ பார்க்க கெட்டியா இருக்கு, ஆனா எண்ணெய்ச் சத்து உள்ள பொருளை மெல்ல மெல்ல உள்ள இழுத்துக்கும். ஊறுகாய் போட்டு வச்ச பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை தேய்ச்சாலும் வாசனை போகாது பாருங்க, அதேதான். உள்ள போனது கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள திரும்ப வரும். பூஞ்சைக்கொல்லிங்கறது உயிரைக் கொல்லவே செஞ்ச மருந்து. அது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வீட்டுல இருக்குற எந்த டெஸ்ட் கிட்டாலயும் கண்டுபிடிக்க முடியாது. அதனால வேலூர் ஜில்லாவுல செகண்ட் ஹேண்ட் நீல டிரம், கடைக்காரர் எவ்வளவு அடிச்சு சொன்னாலும், தொட்டிக்கு வேணாம். செடிக்கு கூட யோசிச்சுத்தான் வைக்கணும். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய், பல வருஷம் வளர்த்த பவளத்தை பணயம் வைக்காதீங்க.

அப்ப பழசே வாங்கக் கூடாதான்னு கேட்டா, ஒரே ஒரு விதத்துல வாங்கலாம். ஸ்வீட் கடை, பேக்கரி, ஜூஸ் கம்பெனி மாதிரி இடத்துல இருந்து, சாப்பாட்டுப் பொருள் வந்த டிரம்மை, லேபிள் கிழிக்காம உங்க கண்ணால பார்த்து நேரா வாங்குறது. நடுவுல ஒரு பழைய சாமான் கடை வந்துட்டா வேணாம்.

புதுசு வாங்குறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். லாங் பஜார் பக்கம் பிளாஸ்டிக் கடைங்கள்ல போய் அடிப்பக்கம் நம்பர் பாருங்க. 2 ஹெச்டிபிஇ, 4 எல்டிபிஇ, 5 பாலிபுரொப்பிலீன், இது மூணும் சரி. கண்ணாடி டம்ளரும் முள் கரண்டியும் போட்ட குறி இருந்தா சாப்பாட்டுக்கு ஏத்த பிளாஸ்டிக்னு அர்த்தம், அது இருந்தா இன்னும் நல்லது. நம்பரே இல்லாத, தொட்டா கரகரன்னு இருக்குற, கலர் திட்டுத்திட்டா கலந்திருக்குற சாமான் வேணாம். அது எதையெல்லாம் உருக்கி ஊத்தினதோ யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் குடத்துல நிறைய இந்த ரகம். குப்பைக் கூடைக்குன்னு விக்கிற டப்பாவுல கிருமி வராம இருக்க மருந்து கலந்தது, வாசனை கலந்ததுன்னு வருது, அதையும் விட்டுடுங்க. 20 லிட்டர் வாட்டர் கேன் தண்ணி தூக்கிட்டு வர நல்லா இருக்கும், ஆனா வெளிச்சம் உள்ள போகும், வாரக்கணக்குல வச்சா பாசி பிடிக்கும். பெருசா வேணும்னா மாடியில வைக்கிற சின்டெக்ஸ் மாதிரி தொட்டியிலயே சின்ன சைஸ் கிடைக்குது. தண்ணித் தொட்டிக்கான ஐஎஸ் 12701 தர முத்திரை இருக்கான்னு பாருங்க. வெளிச்சம் புகாது, மூடி இருக்கு, குழாய் வைக்க இடம் இருக்கு. எனக்குப் பிடிச்சது இதுதான். சிமெண்ட் சம்ப் வேணவே வேணாம், சுண்ணாம்பு இறங்கி தண்ணியோட காரத்தன்மை ஏறும்.

இப்ப முக்கியமான இன்னொரு சமாச்சாரம். நல்ல டிரம் வாங்கியாச்சு. அதுல குழாய் வைக்க ஹார்டுவேர் கடைக்குப் போறீங்க. அவர் எடுத்துக் குடுக்கறது இதைத்தான், பித்தளை ஃப்ளோட் வால்வு. தண்ணி ரொம்பினா தானா நிக்கிறதுக்கு வைப்போமே, அது. கிட்ட காட்டுறேன், இந்த நட்டு சந்துல பச்சையா பூத்திருக்கு பாருங்க. களிம்பு. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். அந்த செம்புதான் இப்படி பச்சையா வெளிய வருது.

நம்ம வீடுங்கள்ல செம்புக் குடத்துல தண்ணி வச்சுக் குடிக்கிறது நல்லதுன்னு சொல்லி வளர்த்திருக்காங்க. மனுஷனுக்குன்னு வச்ச ஐஎஸ் 10500 குடிநீர் தரத்துல செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருக்கணும், வேற தண்ணியே கிடைக்கலன்னா 1.5 வரைக்கும் விடலாம்னு இருக்கு. கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தா தனித் தொட்டியில போட்டு செம்பு மருந்து குடுப்பாங்க, அந்த அளவே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பக்கம்தான். அந்த மருந்தை பவளம் இருக்குற தொட்டியில ஊத்தவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் அந்த அளவைத் தாங்காது. நாம தாராளமா குடிக்கிற தண்ணி அதுங்களுக்கு விஷம். அதனால பித்தளை வால்வு, பித்தளை டேப், ஜிஐ நிப்பிள், செம்புக் குழாய், பாட்டி காலத்து அண்டா, எதுவும் இந்தத் தண்ணி பக்கம் வரக் கூடாது. எவர்சில்வர் டிரம்மும் வேணாம், உப்புத் தண்ணி நின்னா புள்ளி புள்ளியா அரிக்கும். ஆர்ஓ கடையில வெள்ளை பிளாஸ்டிக் ஃப்ளோட் வால்வு கேளுங்க, குடுப்பாங்க. கசிவுக்கு டெஃப்லான் டேப் சுத்திக்கலாம், பயம் இல்ல. சிலிக்கான் போடுறதா இருந்தா பாத்ரூமுக்குன்னு விக்கிறது வேணாம், அதுல பூஞ்சைக்கு மருந்து இருக்கும். மீன் தொட்டிக்குன்னு எழுதியிருக்கறதை வாங்குங்க.

இதோட சேர்த்து உங்க வீட்டு ஆர்ஓ மெஷினையும் ஒரு தடவை பார்த்துடுங்க. இப்ப "காப்பர்"னு பெருசா விளம்பரம் பண்ணி வர்ற மெஷின்ல செம்பு வேணும்னே சேக்குறாங்க. குடிக்க இருக்கட்டும், தொட்டிக்கு அந்தத் தண்ணி ஆகாது.

புது டிரம் வந்ததும் சோப்பு, ஃபினாயில் எதுவும் போடாதீங்க. அச்சுல இருந்து கழட்டுறதுக்கு தடவின வழவழப்பு உள்ள கொஞ்சம் ஒட்டியிருக்கும். வெள்ளை வினிகர் இல்லன்னா சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணியில புது ஸ்பான்ச் வச்சு தேய்ச்சு, நாலு தடவை அலசுங்க. அப்புறம் ஆர்ஓ தண்ணி ரொப்பி, தண்ணியில கரைஞ்சிருக்கறதை அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல எவ்வளவு காட்டுதுன்னு மூடி மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க. ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பாருங்க. எண் ஏறியிருந்தா டிரம் எதையோ விடுது. ஏறலன்னா உப்பு மாதிரி கரையிற பொருள் எதுவும் வரலன்னு அர்த்தம். எண்ணெய், சால்வென்ட் எல்லாம் டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாது, அதுக்கு மூக்கு வேணும். ஒரு நாள் மூடி வச்சுத் திறந்த உடனே மோந்து பாருங்க. பிளாஸ்டிக் வாசனையோ பெயிண்ட் வாசனையோ அடிச்சா திருப்பிக் குடுத்துடுங்க.

இன்னும் உறுதி வேணும்னா ஆர்டீமியாங்கற குட்டி இறால் மாதிரி உயிரோட முட்டை வாங்குங்க, மீன் குஞ்சுக்கு தீனியா விக்கிறது. அந்த டிரம்முல ஒரு வாரம் நின்ன தண்ணியில உப்பு கலந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல, கண்ணாடியிலயே இருந்த தண்ணியில கலந்து இன்னொரு பாட்டில்ல, ரெண்டுலயும் ஒரே அளவு முட்டை போட்டு பொரிக்க விடுங்க. ஒண்ணரை நாளைக்குள்ள பொரிஞ்சிடும். பொரிஞ்ச அப்புறம் ரெண்டு நாள் பாருங்க. ஒரு பாட்டில்ல நீந்திக்கிட்டு இருக்கு, டிரம் பாட்டில்ல அடியில படிஞ்சு கிடக்குன்னா உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு. ஆர்டீமியா கொஞ்சம் தாங்குற ஜாதி, பவளம் அளவுக்கு நுணுக்கம் இல்ல. அதுவே சாகுதுன்னா அந்த டிரம்மை வெளிய போடுங்க.

அளவு எவ்வளவு வாங்கலாம்? 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினா 20 லிட்டர்தான் வேணும். உப்பு கலக்க 50 லிட்டர் டிரம் ஒண்ணு, வெறும் ஆர்ஓ தண்ணிக்கு இன்னொண்ணு, போதும். ரெண்டாவது எதுக்குன்னா, ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டியிலயே நின்னுடும். அதனால குறையிறதுக்கு உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணும். கத்திரி வெயில்ல ஃபேன் போட்டு தொட்டியை குளிர வச்சா தினம் ரெண்டு மூணு லிட்டர் கூட குறையும், டிரம் கையில இருக்கணும். ரெண்டுக்கும் வேற வேற கலர் மூடி போடுங்க, மாத்தி ஊத்திட மாட்டீங்க.

மொட்டை மாடியில மட்டும் வைக்காதீங்க. நம்ம ஊர் மே மாசம் 40 டிகிரியைத் தாண்டும், உப்பு கலந்த தண்ணி அந்த சூட்டுல நின்னா கால்சியம் வெள்ளையா படிஞ்சு கீழ இறங்கிடும். நிழல்ல, வீட்டுக்குள்ள, தரையில வைங்க. பரண் மேல வேணாம், 50 லிட்டர்னா 50 கிலோவுக்கு மேல எடை. கலக்கும்போது தண்ணி முதல்ல, சின்ன மோட்டார் ஓட விட்டு, உப்பை கொஞ்சம் கொஞ்சமா போடுங்க.

அடுத்த வீடியோல இந்த ரெண்டு டிரம்மையும் தொட்டியோட இணைச்சு, தானா தண்ணி ஏறுற மாதிரி வெள்ளை வால்வு வச்சு மாட்டிக் காட்டுறேன். வர்றேன் மக்களே.