ஊர் வாயும் உலை மூடியும்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் தமிழ் நாளிதழ் வாசகர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்நிகழ்வைத் தொடக்கி வைத்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கும் மாண்புமிகு துணையமைச்சர் அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றி வழங்கியதோடு வந்திருக்கும் அனைவருக்கும் இரவு உணவையும் ஏற்பாடு செய்திருக்கும் டத்தோ அவர்களே, நாளிதழ்களின் ஆசிரியர்களே, பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பேருந்தேறி வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

துணையமைச்சர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றியைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கத்தின் சட்டங்களைப் பற்றிப் பேசப் போகிறேன், அவற்றுள் சிலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை என்று முன்கூட்டியே தெரிவித்தபோது, “தாராளமாகப் பேசுங்கள் ஐயா, கேட்கத்தானே வருகிறேன்” என்றார். ஆட்சியில் இருப்பவர் அப்படிச் சொல்வதும், சொன்னபடி வந்து அமர்ந்திருப்பதும் இன்றைய தலைப்புக்கே பெருமை சேர்க்கின்றன.

இணையத்தில் பரவும் பொய்யை எப்படிக் கட்டுப்படுத்துவது, அப்படிக் கட்டுப்படுத்தும்போது பேச்சுரிமையை எப்படிக் காப்பது என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். மூன்று செய்திகளைச் சொல்ல விழைகிறேன். சட்டம் இதுவரை என்ன செய்திருக்கிறது என்பது முதலாவது. சமூக ஊடக நிறுவனங்களின் பொறுப்பு என்ன என்பது இரண்டாவது. மலேசியத் தமிழர்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கோத்துப் பார்க்க எனக்கு உதவுவது நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் சொல்லிவந்த ஒரு பழமொழி: உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது.

மூட முயன்ற வரலாறு நமக்கு உண்டு. 2018 ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தபோது, பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முழுமையாகவோ பகுதியளவிலோ பொய்யான செய்தியைத் தீய நோக்கத்தோடு உருவாக்குவோருக்கும் பரப்புவோருக்கும் 500,000 ரிங்கிட் வரை அபராதமும் 6 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க அது வழிசெய்தது. அதன்கீழ் முதன்முதலில் தண்டனை பெற்றவர் யார் என்று நினைவிருக்கிறதா? செத்தாப்பாக்கில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காவல்துறை தாமதமாக வந்தது என்று காணொளியில் குறை சொன்ன டென்மார்க் நாட்டவர் ஒருவர். தேர்தலுக்குப் பிறகு வந்த புதிய மக்களவை அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது, மேலவை மறுத்தது, 2019 அக்டோபரில் மக்களவை இரண்டாம் முறை வாக்களித்த பின்னரே அது போயிற்று. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. 2021 மார்ச்சில், பெருந்தொற்றுக்கால அவசரநிலையின்போது, கோவிட்-19 பற்றியும் அவசரநிலை பற்றியும் பரவும் பொய்ச் செய்திகளுக்கென ஓர் அவசரகாலச் சட்டம் 100,000 ரிங்கிட் அபராதத்தோடும் 3 ஆண்டுச் சிறையோடும் நடைமுறைக்கு வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டது.

இவை வந்து போயின. போகாத ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இன்றும் நம்மோடு இருக்கிறது. பொய்யானது, அச்சுறுத்துவது, மனம் புண்படுத்துவது என்று பலவற்றையும் ஒரே பிரிவில் அடக்கிய சட்டம் அது. அதற்கான உச்ச அபராதம் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. சிறைக்காலம் ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று. மக்களை ஏமாற்றிப் பணம் பறிப்பவனும், இனப்பகையை மூட்டுபவனும், ஓர் அதிகாரியைக் கடிந்துகொண்ட குடிமகனும் ஒரே பிரிவின்கீழ் நிற்க நேர்வது நீதியாகாது என்பதை மாண்புமிகு துணையமைச்சர் அவர்களின் முன்னிலையிலேயே பணிவோடும் உறுதியோடும் சொல்கிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமையைத் தருகிறது. அதே விதி, சில காரணங்களுக்காக அவ்வுரிமையை வரையறுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்கும் தருகிறது. அந்த அதிகாரம் குறுகிய வாசல் வழியாக நுழைய வேண்டுமே தவிர, சுவரையே இடித்துக்கொண்டு நுழையக் கூடாது.

எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே இதில் உயிரான கேள்வி. சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருத்த அறிவிப்பு வெளியிட ஆணையிடும் அதிகாரத்தை முதலில் அமைச்சருக்குத் தருகிறது. பாதிக்கப்பட்டவர் அதன் பிறகே நீதிமன்றம் செல்லலாம். இந்திய நடுவணரசு, தன்னைப் பற்றிய செய்திகளின் உண்மையைத் தானே சரிபார்க்கும் ஒரு பிரிவை அமைக்க முயன்றபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் அதற்கான விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதிபதியாகவும் அமரக் கூடாது என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் தெரிந்த அறம்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய் உயிரைக் குடிக்கும். அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நம் வீட்டு நிகழ்ச்சி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மே 9. அந்த நாளை இம்மண்டபத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு, விரலில் மையோடு, விடிய விடியத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். அதே நாளில் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமச் சாலையொன்றில் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. அதில் சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மையார் ஒருவர் இருந்தார். உடன் உறவினர்கள் இருந்தார்கள். அவர்களில் மலேசியாவிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன பயணம் அது. குலதெய்வத்தைத் தேடிப் போவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரஜுலா கப்பலில் வந்து இறங்கிய பாட்டன் விட்டுவந்த ஊர் எது, அந்த ஊரில் எந்த மரத்தடியில் நம் சாமி நிற்கிறது என்று, பாதி நினைவையும் ஒரு பழைய கடிதத்தையும் வைத்துக்கொண்டு தேடிப் போனவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ பேர். பிள்ளைக்கு மொட்டை அடிக்க, மகளின் திருமண அழைப்பை முதலில் வைத்து வணங்க, அந்த மண்ணை ஒரு முறையாவது மிதிக்க என்று விமானம் ஏறுகிறோம். போன இடத்தில் வழி தெரியாது. வண்டியை நிறுத்தி, எதிர்ப்படுபவரிடம் கேட்கிறோம். அவர்களும் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள்.

அங்கே குழந்தைகள் இருந்தார்கள். அம்மையார் அவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தையைக் கண்டால் வெறுங்கையோடு போகாத வழக்கம் நம் பெண்களின் வழக்கம். அதைக் குற்றமாக்கியது ஒரு பொய். வடக்கிலிருந்து வந்த பிள்ளை பிடிக்கும் கூட்டம் நம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்ற செய்தி வட தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் புலனத்தின், அதாவது வாட்ஸ்அப்பின், வழியே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. சாக்லேட் கொடுத்ததைப் பார்த்தவர்கள் அந்தச் செய்தியைக் கண்முன் கண்டதாக நம்பினார்கள். கூட்டம் கூடுவதைக் கண்டு காரை எடுத்துக்கொண்டு விரைந்தவர்களை, அடுத்த ஊருக்குத் தகவல் சொல்லி மறித்துப் பிடித்தார்கள். தமிழில் கதறியவர்களைத் தமிழர்களே அடித்தார்கள். அம்மையார் உயிரிழந்தார், உடன் இருந்தவர்கள் படுகாயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நாம் இங்கே ஆட்சி மாற்றத்தைக் கண்டு விழித்திருந்த இரவில், நம் உறவுகள் அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

அடித்தவர்களில் பலரைக் காவல்துறை கைது செய்தது. ஆனால் அந்தச் செய்தியை முதலில் எழுதியவன் யார்? இந்தியாவெங்கும் அந்த ஆண்டு சுற்றிய பிள்ளை பிடிக்கும் காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் தூக்கிச் செல்பவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பை உயர்த்திக் காட்டும் இறுதிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதை யாரோ பரப்பினார்கள். வெட்டிய கை யாருடையது என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியவில்லை. பகிர்ந்த கைகளோ ஆயிரக்கணக்கான அம்மாக்களுடையவை, அப்பாக்களுடையவை. தம் பிள்ளைகளுக்காகப் பயந்து பகிர்ந்தவர்கள். அத்தனை பேரையும் எந்தச் சிறையில் அடைப்பது? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று பெரியவர்கள் சொன்னது இங்கேதான் எனக்கு உறைக்கிறது. மூடியை எவ்வளவு அழுத்தினாலும், அடியில் எரியும் நெருப்பைக் கவனிக்காவிட்டால் பொங்கத்தான் செய்யும்.

நெருப்பைத் தணிக்கும் வழியும் அந்த ஆண்டிலேயே தெரிந்தது. அடுத்தடுத்து நிகழ்ந்த கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி புலனம் கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அக்கட்டுப்பாடு உலகெங்கும் வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று சுருக்கிய பின்னர், அத்தகைய செய்திகளின் பகிர்வு 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. ஒருவரும் கைதாகவில்லை, ஒருவரின் பேச்சும் தடுக்கப்படவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. ஆகவே, நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் நம் அரசாங்கம் விதித்திருப்பதையும், 2026 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதையும், அவற்றின் கடிவாளம் நிறுவனங்களின் இயந்திரத்தைப் பிடிக்கும் வரையில் நான் வரவேற்கிறேன். குடிமகனின் நாவைப் பிடிக்கத் தொடங்கும் நாளில் எதிர்ப்பேன். நிறுவனங்களைப் பற்றி இவ்வளவு போதும்; நேரம் ஓடுகிறது, நான் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வந்துவிடுகிறேன்.

என் தந்தையார் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில், மாலையில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். சுற்றி அமர்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், கூலியைக் குறைக்கப் போகிறார்கள் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வதந்தி கிளம்பினால், “பேப்பரில் வந்திருக்கிறதா?” என்பதுதான் முதல் கேள்வி. எழுத்தறியாத என் பாட்டியும் அந்தக் கேள்வியைக் கேட்பார். நாளிதழுக்கு முகவரி இருந்தது, ஆசிரியர் இருந்தார், தவறாக எழுதினால் மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டிய கடமை இருந்தது, வழக்குத் தொடுக்க ஒரு பெயர் இருந்தது. வதந்திக்கு இவற்றில் ஒன்றுமில்லை.

அந்த நாளிதழ்களின் இன்றைய நிலை என்ன? 1924இல் தொடங்கி, தோட்டத்துக்குத் தோட்டம் படிக்கப்பட்ட தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அன்று நாம் புலனக் குழுக்களில் இரங்கல் செய்தி பகிர்ந்தோம். சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர்? இன்றும் வெளிவரும் தமிழ் நாளிதழ்கள் குறைந்த ஆட்களோடும் குறைந்த விளம்பரத்தோடும் நாள்தோறும் போராடுகின்றன. ஒரு செய்தியாளரை ஒரு கிராமத்துக்கு அனுப்பி, இருதரப்பையும் கேட்டு, எழுதி, சரிபார்த்து அச்சிடப் பணம் வேண்டும். பொய்யைப் பகிர ஒரு காசும் வேண்டாம். 1987 அக்டோபரில் ஒரே நேரத்தில் மூன்று நாளிதழ்களின் உரிமம் நிறுத்தப்பட்டு அடுத்த ஆண்டு மார்ச் வரை அவை வெளிவராமல் இருந்தபோது, இந்த நகரில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்: நாளிதழ் இல்லாத வீட்டில் வதந்தி குறைந்ததா, கூடியதா? அன்று அரசாங்கத்தின் ஆணையால் நேர்ந்ததை இன்று நம் அலட்சியமே செய்து முடிக்கிறது.

தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் செபெனார்ன்யா இணையத்தளத்தைத் தொடங்கியது. 2025இல் எய்ஃபா என்னும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை, தமிழிலும் கேட்கும் வசதியோடு, தந்தது. நல்ல முயற்சிகள். ஆயினும் இயந்திரம் சரிபார்ப்பதற்கும் முதலில் யாரோ ஒரு செய்தியாளர் தமிழில் உண்மையை எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? எனவே துணையமைச்சர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உண்மை சரிபார்ப்புக்கென ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பங்கு, எதை எழுத வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமின்றி, தமிழ்ச் செய்தியாளர்களின் பயிற்சிக்குச் செல்லட்டும். சட்டத்தின் வழி உருவாகியிருக்கும் மலேசிய ஊடக மன்றம் தமிழிலும் முறையீடுகளைப் பெறட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. அதற்காகத்தான் நான் பள்ளி பள்ளியாக நடக்கிறேன். நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு பாடவேளை நாளிதழ் வாசிப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும். நாள் எது, இடம் எது, சொன்னவர் யார், மறுத்தவர் யார் என்று பத்து வயதுப் பிள்ளை ஒரு செய்தியைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், வீட்டில் அம்மா ஒன்றைப் பகிரப் போகும்போது “யார் சொன்னதம்மா?” என்று அந்தப் பிள்ளையே கேட்கும். ஊர் வாயை மூட முடியாது என்று முன்னோர் கண்டுகொண்டார்கள்; அந்த வாய் என்ன பேசும் என்பதைப் பள்ளியிலிருந்தே பழக்க முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. கோயில் நிருவாகத்தினரே, திருவிழாவுக்குப் பத்து நாள் உபயம் ஏற்கிறீர்கள். உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் ஓராண்டு நாளிதழ்ச் சந்தாவைப் பதினோராவது உபயமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மண்டபத்தின் பின்வாசலருகே உள்ள மேசையில் சந்தாப் படிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. டத்தோ அவர்கள் முதல் பத்துப் பள்ளிகளை ஏற்றுக்கொள்வதாகச் சற்று முன்பு என் காதோடு சொன்னார். அவரிடம் அனுமதி பெற்றே இதை அறிவிக்கிறேன். தலைமையாசிரியர்கள் பள்ளியின் பெயரையும் தேவைப்படும் பிரதிகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். உபயம் ஏற்க விரும்புவோர் பள்ளியின் பெயருக்கு நேரே தங்கள் பெயரை எழுதி, உணவுக்குச் செல்லும் முன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.