நான்கு மணிக்கு மாஸ்கோ, ஐந்து மணிக்கு ஒடெஸ்ஸா

வணக்கம் நேயர்களே. நியூயார்க்கில் புரூக்ளினின் தென்கோடியில், கடலை ஒட்டி பிரைட்டன் பீச் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடைவீதிக்கு மேலே தூண்கள் மீது ரயில் தடதடவென்று ஓடும்; கீழே கடைப் பலகைகளில் ரஷ்ய எழுத்து. அங்கே ஒரு மருந்துக்கடையில் பல வருஷம் வேலை பார்த்தேன். எண்பதுகளில் மாஸ்கோவில் படித்தவன், ரஷ்ய மொழி பேச வரும். வேலை கிடைத்ததே அதனால்தான்.

அங்கே வாழ்பவர்களை அமெரிக்கர்கள் மொத்தமாக ரஷ்யர்கள் என்பார்கள். விசாரித்தால் பாதிப் பேர் உக்ரைனின் ஒடெஸ்ஸா, கீவ் பக்கத்து யூதர்களாக இருப்பார்கள். சோவியத் பாஸ்போர்ட்டில் இனம் என்ற இடத்தில் 'யூதர்' என்று எழுதியிருக்கும். அங்கே எங்களை யூதர் என்றார்கள், இங்கே ரஷ்யர் என்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எழுபதுகளில் கிளம்பியவர்கள் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. முதலில் வியன்னா, பிறகு ரோமுக்குப் பக்கத்தில் லாதிஸ்போலி என்ற கடற்கரை ஊர். அமெரிக்க விசாவுக்காக அங்கே மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கையில் காசு இருக்காது. பெட்டியில் கொண்டுவந்த மரப் பொம்மை, படுக்கை விரிப்பு, கேமரா எல்லாம் இத்தாலியச் சந்தையில் விலை போகும். நியூயார்க் வந்ததும் இன்ஜினியர் டாக்ஸி ஓட்டினார், டாக்டர் அம்மாள் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அதெல்லாம் எந்த ஊரிலிருந்து குடியேறியவர்களுக்கும் நடப்பதுதான். நான் பேச வந்தது டிசம்பர் 31 பற்றி.

அந்தக் குடியிருப்பில் வருஷத்தின் பெரிய பண்டிகை புத்தாண்டுதான். தேவதாரு மரம் ஜோடிப்பார்கள், பரிசு வைப்பார்கள், வெள்ளைத் தாடித் தாத்தாவும் உண்டு. அவர் பெயர் தேத் மரோஸ், பனித் தாத்தா. கூடவே பேத்தி ஸ்னெகூரச்கா வருவாள். பார்க்கும் அமெரிக்க யூதர்களுக்கு ஒரே குழப்பம்: யூதர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரமா?

இதற்குப் பின்னால் ஒரு அரசியல் கதை இருக்கிறது. மத எதிர்ப்பு வேகத்தில் சோவியத் அரசு இருபதுகளின் கடைசியில் கிறிஸ்துமஸ் மரத்தை ஒழித்துக்கட்டியது. 1935 டிசம்பர் 28 அன்று பாவெல் போஸ்திஷெவ் என்ற கட்சித் தலைவர் பிராவ்தா பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதினார்: குழந்தைகளுக்கு மரத்தைத் திருப்பிக் கொடுப்போம், ஆனால் புத்தாண்டு மரமாக. மரம் திரும்பியது, மதம் திரும்பவில்லை. (மரத்தை மீட்ட போஸ்திஷெவை 1939-இல் சுட்டுக் கொன்றார்கள், அந்தக் காலம் அப்படி.) 1947 கடைசியில் ஜனவரி 1 விடுமுறை நாளாக அறிவிக்கப்பட்டது. யூதரோ உஸ்பெக் முஸ்லிமோ ஆர்மீனியக் கிறிஸ்தவரோ, யாரும் கூச்சமில்லாமல் கொண்டாட ஒரு பண்டிகை கிடைத்தது. மேலிடத்து உத்தரவில் பிறந்ததை மக்கள் தங்கள் வீட்டுப் பண்டிகையாக்கிக்கொண்டார்கள். உத்தரவு போட்ட நாடு 1991-இல் போய்விட்டது, பண்டிகை போகவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. டிசம்பர் 26 ஆனால் அமெரிக்கர்கள் மரத்தைத் தெருவில் போட ஆரம்பிப்பார்கள். இவர்களுக்கோ அப்போதுதான் மரம் தேவை. காசில்லாத முதல் வருஷத்தில் தெருவில் கிடந்த மரத்தைத் தூக்கி வந்ததாகப் பல பேர் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஒலிவியே சாலட் இல்லாமல் புத்தாண்டு இல்லை. 1860-களில் மாஸ்கோவின் எர்மிதாஜ் உணவகத்தில் ஒலிவியே என்ற சமையல்காரர் காட்டுப்பறவை இறைச்சியெல்லாம் போட்டுச் செய்த பணக்காரப் பதார்த்தம் அது. புரட்சிக்குப் பிறகு அந்தப் பறவைக்கு எங்கே போவது? வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, ஊறுகாய் வெள்ளரி, சாஸேஜ், டின் பட்டாணி, இவற்றைப் பொடியாக நறுக்கி மயோனைஸில் பிசைவது என்று ஆகிவிட்டது. நான் படித்த காலத்தில் பட்டாணி டின்னும் மயோனைஸும் நினைத்தபோது கிடைக்காது. கண்ணில் பட்டால் வரிசையில் நின்று வாங்கி, டிசம்பருக்கென்று ஒளித்து வைப்பார்கள். பிரைட்டன் பீச்சில் அலமாரி நிறைய டின்கள் அடுக்கியிருக்கும். இருந்தும் என் வாடிக்கையாளர்களான பாட்டிகள் அக்டோபரிலேயே வாங்கிப் பதுக்குவார்கள். நான் கேலி செய்தால், "உனக்குத் தெரியாதா மகனே" என்பார்கள். எனக்குத் தெரியும்தான்.

அப்புறம் ரோமக் கோட்டு போர்த்திய ஹெர்ரிங் மீன், அதாவது மீன் மேல் பீட்ரூட்டை அடுக்கடுக்காகப் பரப்பியது. மேஜையில் ஆரஞ்சுப் பழக்கூடை. மாஸ்கோவில் அந்தச் சின்ன ஆரஞ்சு குளிர்காலத்தில் மட்டும் தலைகாட்டும்; அதனால் அந்த வாசனை வந்தாலே புத்தாண்டு வந்த மாதிரி. பன்னிரண்டு மணி அடிக்கும்போது ஆசையைக் காகிதத்தில் எழுதி, கொளுத்தி, சாம்பலை ஷாம்பெயினில் போட்டுக் குடிப்பவர்களும் உண்டு. மருந்தாளராக இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எந்தப் பன்னிரண்டு என்பதுதான் சிக்கல். மாஸ்கோவில் நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் மாலை நான்கு. அப்போது ஒரு கிளாஸ். ஒடெஸ்ஸாவுக்கு ஐந்து மணி, இன்னொரு கிளாஸ். நிஜமான நள்ளிரவுக்கு விழித்திருப்பவர்கள் விழித்திருப்பார்கள்.

2022-க்குப் பிறகு இதில் ஒரு மாற்றம். அந்த வருஷம் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கிய சில வாரங்களிலேயே கடைவீதியின் பிரபலமான உணவுக்கடை ஒன்று தன் பலகையிலிருந்து ரஷ்யா என்ற பெயரை எடுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த சில வீடுகளில் நான்கு மணிக்கு இப்போது யாரும் கிளாஸைத் தொடுவதில்லை; ஐந்துக்குத்தான் ஆரம்பம். ஒரு வீட்டில் கணவர் மாஸ்கோக்காரர், மனைவி ஒடெஸ்ஸாக்காரி. நான்கு மணிக்கு அவர் சமையலறைக்குள் போய்த் தனியாக ஊற்றிக்கொள்கிறார். அம்மாளும் அதைக் கண்டுகொள்வதில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு இந்த மணிக்கணக்கெல்லாம் பொருட்டில்லை. அவர்கள் ஒலிவியேவில் கை வைக்கிறார்கள். சாஸேஜுக்குப் பதில் கோழி, மயோனைஸுக்குப் பதில் தயிர், போன வருஷம் ஒரு பேத்தி அவகாடோவே போட்டுவிட்டாள். பாட்டி அதை ருசி பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, இதற்கு வேறு பேர் வை" என்றார்.

நன்றி, வணக்கம்.