133 படிகள், ஒரு பியானோ, இரண்டு தொப்பிகள்

வணக்கம். என் குரல் தெளிவாகக் கேட்கிறதா? இன்றைக்குச் சத்தம் முக்கியம், அதனால்தான் கேட்கிறேன். நேற்று இரவு இந்தப் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா, "இந்த நேரத்தில் எதைப் போட்டு உருட்டுகிறாய்?" என்று கேட்டார். "பியானோ அம்மா" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

படத்தின் பெயர் 'தி மியூசிக் பாக்ஸ்'. ஒல்லியும் குண்டுமாகச் சேர்ந்தே வரும் ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி லாரலும் ஹார்டியும் நடித்து 1932இல் வந்தது. அரை மணி நேரம்கூட ஓடாது. கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு பெண்மணி கணவரின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல், தானாகவே இசைக்கும் பியானோ ஒன்றை வாங்குகிறார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை நம் இருவருக்கு. அவர்களிடம் ஒரு குதிரை வண்டி இருக்கிறது. அதில் கம்பெனிப் பெயருக்குக் கீழே 'நிறுவப்பட்டது 1931' என்று எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து கூடிப்போய் 'மூழ்கியது 1931' என்று இருக்கிறது. படம் இப்படித்தான் தொடங்குகிறது.

முகவரி 1127, வால்நட் அவென்யூ. எங்கே என்று ஒரு தபால்காரரிடம் கேட்கிறார்கள். அவர் மேலே கையைக் காட்டுகிறார். கேமராவும் மேலே பார்க்கிறது. படிகள், படிகள், அதற்கு மேலும் படிகள். அந்தப் படிக்கட்டு இன்றும் லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில், வெண்டோம் தெருவில் இருக்கிறது. மொத்தம் 133 படிகள். வீடு மாற்றும்போது பீரோவின் கனமான பக்கத்தைப் பிடித்து மாடி ஏறியவர்களுக்கு இந்த இடத்திலேயே முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். எனக்கு வலித்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வழுக்கி விழும் நகைச்சுவை என்றாலே மௌனப் படம்தான், பேச்சு வந்ததும் அதன் உயிர் போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இந்தப் படம் என் வாயை அடைத்துவிட்டது. ஏனென்றால் இதே இருவர் 1927இல், மௌனப் பட நாட்களில், 'ஹேட்ஸ் ஆஃப்' என்று ஒரு படம் எடுத்தார்கள். இதே படிக்கட்டு. ஆனால் தூக்கியது பியானோ இல்லை, துணி துவைக்கும் இயந்திரம். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை, ஆகவே பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. இருந்தாலும் ஐந்து ஆண்டு கழித்துத் தூக்கும் பொருளை மாற்றினார்களே, அது எவ்வளவு நல்ல யோசனை என்று பாருங்கள். துவைக்கும் இயந்திரம் விழுந்தால் அது வெறும் விழுதல். பியானோ விழுந்தால் அது அழும்.

பியானோ ஒரு மரப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, கடைசிப் பகுதி வரை நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு படியில் மோதும்போதும் உள்ளே தந்திகள் எல்லாம் சேர்ந்து 'ஜங்ங்' என்று முனகுகின்றன. மெதுவாக வைத்தால் சின்ன முனகல். உருண்டு ஓடினால் ஓலம். கீழே போய் நின்ற பிறகும் ஒரு ரீங்காரம் மிச்சமிருக்கும். என் கணக்கில் இந்தப் படத்தில் நகைச்சுவை நடிகர்கள் மூன்று பேர். மூன்றாமவர் பெட்டிக்குள் இருக்கிறார். குதிரை சூசியைச் சேர்த்தால் நான்கு. வண்டியிலிருந்து பியானோவை ஹார்டியின் முதுகுக்கு இறக்கும் நேரம் பார்த்து ஒரு எட்டு முன்னால் நகர்கிறதே, அந்தக் குதிரைக்கு நேரக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஏறும்போது வரும் ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தை வண்டியுடன் இறங்கும் ஒரு ஆயா, பிறகு ஒரு போலீஸ்காரர், பிறகு ஒரு பேராசிரியர். போலீஸ்காரரிடம் தடியடி வாங்குவதற்கு முன் லாரல் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'எல்லை மீறுகிறீர்கள்' என்பதற்கான ஆங்கிலத் தொடரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, 'படிகளைத் தாவுகிறீர்கள்' என்று வருமாறு சொல்கிறார். படிக்கட்டில் நின்றுகொண்டு! பேராசிரியராக வருபவர் பில்லி கில்பர்ட். பெயருக்குப் பின்னால் பட்டங்களை ரயில் பெட்டி போலக் கோத்து வைத்திருக்கிறார். பியானோவைச் சுற்றிக்கொண்டு போக மாட்டேன், அதை நகர்த்து என்று கத்துகிறார். லாரல் அவருடைய தொப்பியைத் தட்டிவிடுகிறார். அது படிகளில் குதித்துக் குதித்து இறங்கி, தெருவுக்கே போய், ஒரு வண்டியின் சக்கரத்தில் நசுங்குகிறது. அந்தத் தொப்பி போய்ச் சேரும் வரை யாருக்கும் அவசரமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் விழும் காட்சி அல்ல. ஒரு வழியாக மேலே வந்து சேர்கிறார்கள். அதே தபால்காரர் அங்கே நிற்கிறார். "இதைப் படிவழியாகவா தூக்கி வந்தீர்கள்? சுற்றி ரோடு இருக்கிறதே, வண்டியிலேயே வந்திருக்கலாமே" என்கிறார். நீங்களோ நானோ என்ன செய்வோம்? தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவோம். இவர்கள், முன்பே இது தோன்றாமல் போயிற்றே என்று வருந்திவிட்டு, பியானோவைத் திரும்பவும் கீழே தூக்கிக்கொண்டு போகிறார்கள். பொறுமையாக, பத்திரமாக, அத்தனை படிகளும் இறங்கி, வண்டியில் ஏற்றி, ரோடு வழியாக வருகிறார்கள். இரண்டு பேர் முகத்திலும் சரியான வழி கிடைத்துவிட்ட நிம்மதி! முதல் முறை பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன்.

இயக்கியவர் ஜேம்ஸ் பாரட். ஆனால் இவர்களுடைய படங்களில் நகைச்சுவை உத்திகளை யோசிப்பதிலும் படத்தொகுப்பிலும் பெயர் போடாமல் உழைத்தவர் ஸ்டான் லாரல்தான். திரையில் ஒன்றும் தெரியாத ஆள், வெளியே எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கும் ஆள். குறும்பட நகைச்சுவைக்கு ஆஸ்கர் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றது இந்தப் படம்தான்.

வீட்டுக்குள் நடப்பதை முழுவதும் சொல்ல மாட்டேன். கப்பியும் கயிறும் வருகின்றன, மாடி ஜன்னல் வருகிறது, வாசலில் ஒரு சின்னக் குளம் வருகிறது, மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறையைச் சுத்தம் செய்யும் சாக்கில் பியானோவைப் போட்டுவிட்டு இருவரும் ஆடுகிறார்கள். அவ்வளவு பெரிய உடம்புடன் ஹார்டி பூனை போலக் கால் வைக்கிறார். இத்தனை நேரம் ஓலமிட்ட அந்தப் பெட்டி அப்போதுதான் முதன்முறையாகப் பாடுகிறது.

வீட்டுக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பேராசிரியர். அவருக்குப் பியானோ என்றாலே ஆகாது. கோடரியை எடுத்து வெட்டுகிறார். வெட்டு விழும்போது பியானோ அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்குகிறது. மூன்று பேரும் விறைப்பாக நின்று வணக்கம் வைக்கிறார்கள். அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதமாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது! நின்றதும் மறுபடி கோடரி.

வண்ணம் பூசிய பதிப்பும் உலவுகிறது, அதைத் தொடாதீர்கள். கறுப்பு வெள்ளையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். கடைசியில் கையெழுத்துப் போட ஒரு பேனா வரும். அது யார் கைக்குப் போகிறது என்று கவனியுங்கள்.